தீச்சுவர் எழுதும் சம்பவத்திரட்டு

பாடசாலைகளிலே சம்பவத்திரட்டு என்றொரு புத்தகம் பேணப்படுகின்றது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னார் வந்தார், இன்னது நிகழ்ந்தது என்பன அதிலே சுருக்கமாக எழுதப்படும். எழுதுவோரின் விருப்பு வெறுப்புகளுக்கு அதில் இடமில்லை. எழுதியதைப் பின்னர் அழித்தலும் ஆகாது. நடுக்கடலிலே கப்பற்றலைவர் எழுதிவரும் குறிப்பேடும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆங்கிலேயர் இரண்டையும் லொக் என்னும் ஒரே பெயரால் வழங்குவர். இந்நாளிலே வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம், கச்சேரி முதலான இடங்களின் கணினி வலையமைப்புகளுக்கு வாயிலில் நின்று காவல்புரியும் பொறியொன்றும் இத்தகைய சம்பவத்திரட்டை இராப்பகலாக எழுதிக்கொண்டிருக்கின்றது. அப்பொறிக்குத் தீச்சுவர் என்று பெயர். பயர்வோல் என்னும் ஆங்கிலப் பெயரும் வழக்கிலுள்ளது. ஒரு நாளில் அது எழுதும் வரிகள் ஆயிரக்கணக்கின. பெரிய நிறுவனங்களிலோ இலட்சக்கணக்கின. எழுதுவதற்கு ஆள் வேண்டியதில்லை. வாசிப்பதற்குத்தான் ஆள் வேண்டும். பல இடங்களில் அதற்குத்தான் ஆளில்லை.

தீச்சுவர் என்ற சொல் கட்டடக்கலைஞரிடமிருந்து இரவலாகப் பெறப்பட்டது. ஒரு வீட்டில் மூண்ட தீ அடுத்த வீட்டுக்குத் தாவாதிருக்கும்பொருட்டு இடையே எழுப்பப்படும் தடித்த சுவருக்கு அப்பெயர். கணினி உலகிலே அவ்வாறு மூண்ட பெருந்தீயொன்று 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி கிளம்பியது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த றொபேட் மொறிஸ் எழுதிய நிரலொன்று, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே படர்ந்து, அன்றைய இணையத்திலிருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிவிட்டது. வாயிலுக்கு ஒரு காவலன் வேண்டும் என்பதில் அதன் பின்னர் ஐயங்கொண்டோர் சிலரே. ஏ.ரி. அன்ட் ரி. பெல் ஆய்வுகூடத்திலே பணியாற்றிய ஸ்ரீவன் பெலோவின், வில்லியம் செஸ்விக் என்னும் இருவர் தம் வாயிலுக்கு வந்தவற்றை ஊன்றிக் கவனித்து எழுதியவை இத்துறைக்கு அடிப்படையாயின. பெலோவின் 1993இல் வெளியிட்ட கட்டுரையொன்றிலே சுவையான செய்தியொன்றுண்டு. வாயிலிலே அவர் கண்ட விபரீதமான வரவுகள் யாவும் கள்ளரின் வேலையாக இருக்கவில்லை. தத்தம் கட்டடத்துக்குள்ளே மட்டும் உலவியிருக்க வேண்டிய அறிவிப்புகள் சில, உலகின் பல மூலைகளிலிருந்தும் வழிதவறி அவர் வாயிலை வந்தடைந்திருந்தன. சம்பவத்திரட்டை வாசிக்கப் புகுவோர் இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று.

இணையத்திலே செய்தி முழுதாகப் பயணஞ் செய்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்லும். பக்கெற் என்பது அதன் பெயர். தபாலிலே கடிதம் உறைக்குள் செல்வதுபோலப் பொதிக்கும் ஓர் உறையுண்டு. அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, இரு பக்கத்துத் துறை எண்கள், செல்லும் முறை ஆகியன அவ்வுறையின்மேற் பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணத் தீச்சுவர் உறையை மட்டுமே வாசிக்கின்றது. உள்ளிருக்கும் கடிதத்தை அது பிரிப்பதில்லை. தற்காலத்திலே கடிதங்களிற் பெரும்பாலானவை மறைமொழியிலே எழுதப்படுவதால், பிரித்தாலும் பெரும் பயனில்லை. ஆதலின் சம்பவத்திரட்டிலே காணப்படுவது உறையின் மேலெழுத்தேயன்றி வந்தவரின் உள்ளக்கிடக்கை அன்று. “இவர் திருட வந்தார்” என்று எந்தத் தீச்சுவரும் எழுதுவதில்லை. அவ்வாறு எழுதுவது வாசிப்பவரின் மனமே.

லினக்ஸ் கணினியொன்றின் தீச்சுவர் எழுதும் வரி பெரும்பாலும் பின்வருமாறு அமைந்திருக்கும்: “05:42:17, டிரொப், இன் ஈத்0, அவுட் வெறுமை, எஸ்.ஆர்.சி. 203.0.113.45, டி.எஸ்.ரி. 192.0.2.10, ரி.ரி.எல். 49, புரோட்டோ ரி.சி.பி., எஸ்.பி.ரி. 51544, டி.பி.ரி. 23, சின்.” உண்மை வரி இதனினும் நீண்டது, தேவையற்றவை இங்கே விடப்பட்டன. இவ்வரியிலுள்ள இரு முகவரிகளும் எவருக்கும் உரியன அல்ல. பாடநூல்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்ட எண்கள் அவை. ஊர் பேர் தெரியாத ஒருவரின் வீட்டு முகவரியை உதாரணமாக அச்சிட்டு, அவருக்குத் தொல்லை நேராதிருக்க இணைய அறிஞர் செய்துவைத்த ஏற்பாடு.

முதலில் நிற்பது நேரம். அதனைப்பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. இன் என்பது பொதி உள்நுழைந்த வழி. அவுட் என்பது வெளிச்சென்ற வழி. அவுட் வெறுமையாயிருந்தால் அப்பொதி தீச்சுவரையே நாடி வந்ததென்பது பொருள்; உள்ளேயுள்ள வேறொருவரிடம் செல்லவிருந்ததன்று. எஸ்.ஆர்.சி. அனுப்பியவர், டி.எஸ்.ரி. பெறுபவர். ரி.ரி.எல். என்பது பொதியின் ஆயுள். வழியிலுள்ள ஒவ்வொரு சந்தியிலும் அது ஒன்று குறையும்; சூனியமானால் பொதி இறந்துபடும். புறப்படும்போது அது பெரும்பாலும் 64, 128, 255 என்பனவற்றுள் ஒன்றாயிருக்கும். 49 என்று வந்தால் 64இல் தொடங்கிப் பதினைந்து சந்திகளைக் கடந்து வந்தது என்று ஊகிக்கலாம். எஸ்.பி.ரி., டி.பி.ரி. என்பன துறை எண்கள். ஆங்கிலத்திலே போட் என்பர். ஒரே கட்டடத்திலே பல கருமபீடங்கள் இருப்பது போல, ஒரே கணினியிலே 65,535 வரை இலக்கமிட்ட துறைகள் உள. 25 அஞ்சலுக்கு, 53 பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் சேவைக்கு, 80உம் 443உம் இணையத்தளங்களுக்கு, 22உம் 23உம் தூரத்திலிருந்து கணினியை இயக்குவதற்கு. இறுதியிலுள்ள சின் என்பது, ரி.சி.பி. முறையிற் பேச விரும்புவோர் முதலில் அனுப்பும் அழைப்பு. படலையைத் தட்டும் ஓசை என்று கொள்ளலாம்.

ஆகவே வரியின் பொருள் இதுதான்: யாரோ ஒருவர் 23ஆம் படலையைத் தட்டினார், காவலன் திறக்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை.

இதனைக் கண்டவுடன் கலங்குவோர் பலர். 23ஆம் துறையின் கதையைத் தெரிந்துகொண்டால் அக்கலக்கம் குறையும். 2016ஆம் ஆண்டிலே மிறாய் என்றொரு தீய நிரல் தோன்றியது. வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்ட காவற் கமராக்கள், இணையப் பெட்டிகள் முதலியவற்றை 23, 2323 ஆகிய துறைகளிலே அது தட்டிப் பார்த்தது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாது விட்டவர்களின் கருவிகள் திறந்துகொண்டன. ஏறக்குறைய அறுபது பெயர்–கடவுச்சொற் சோடிகள் மட்டுமே அதன் கையிலிருந்தன, அவையே போதுமானவையாயிருந்தன. இவ்வாறு பிடிபட்ட கருவிகள் அடுத்த வீட்டுப் படலையைத் தட்டப் புறப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, பெயர்–முகவரிச் சேவை வழங்கிய டின் என்னும் நிறுவனத்தை இவ்வாறான கருவிகளின் கூட்டம் தாக்கியதனாலே, புகழ்பெற்ற பல இணையத்தளங்கள் பல மணிநேரம் எட்டாதிருந்தன. எனவே, படலையைத் தட்டிய முகவரிக்குரியவர் கள்வராக இருத்தல் அரிது. தம் வீட்டுக் கமரா நள்ளிரவிலே ஊர் சுற்றுவதை அறியாத ஓர் அப்பாவியாகவே பெரும்பாலும் இருப்பார். இத்தகைய தட்டல் இணையத்தில் இடையறாது ஒலிப்பது. கடற்கரையிலே வீடு கட்டியவர் அலையோசை கேட்டு எழுந்தோடுவதில்லை.

ஆயினும் அலையோசையிலேயே சுனாமியின் செய்தியும் சில வேளைகளில் வருவதுண்டு. 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி உலகெங்குமுள்ள தீச்சுவர்களின் சம்பவத்திரட்டுகளிலே 1434 என்னும் ஒரே துறை எண் திடீரெனப் பெருகியது. ஸ்லாமர் என்ற புழு ஒரேயொரு பொதிக்குள் அடங்கியது. அதன் உடல் 376 பைற்று மட்டுமே. தொடக்கத்திலே எட்டரைச் செக்கனுக்கொருமுறை அதன் தொகை இரட்டித்தது. தாக்கத்தக்க நிலையிலிருந்த கணினிகளிற் நூற்றுக்குத் தொண்ணூறு, பத்து நிமிடத்துக்குள் அதற்கிரையாயின. அதற்குரிய திருத்தம் ஆறு திங்களுக்கு முன்னரே, 2002 ஜூலையில், வெளியிடப்பட்டிருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. தனி வரியொன்று ஒன்றுமே சொல்லாத இடத்தில், ஒரே எண் பல்லாயிரம் முறை வருதல் பெருஞ்செய்தியாகும். நேற்றைய பக்கத்தை அறிந்தவருக்கே இன்றைய பக்கம் விளங்கும்.

இனி, தவறான வாசிப்பினால் விளையும் கேட்டைப் பார்த்தல் வேண்டும். அதுவே இப்பொருளில் முக்கியமானது.

வைத்தியசாலையொன்றிலே வலையமைப்பைக் கவனிக்கும் பொறுப்பு இளைஞரொருவருக்குப் புதிதாகக் கிடைத்ததென்று கொள்க. அவர் ஆர்வமுள்ளவர், சம்பவத்திரட்டை வாசிக்கின்றார். புகழ்பெற்ற நிறுவனமொன்றின் முகவரியிலிருந்து, 443ஆம் துறையிலிருந்து, தம் வலையமைப்பின் 50,000க்கு மேற்பட்ட துறைகளைநோக்கிப் பொதிகள் பல வந்து தடுக்கப்பட்டிருப்பதைக் காண்கின்றார். துறை எண்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு. “எங்கள் கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றார்கள்!” என்று அவர் திடுக்கிடுகின்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி.

நடந்தது யாதெனில், வைத்தியசாலைக்குள்ளேயே யாரோ ஒருவர் அந்நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பார்த்தார். அவருடைய கணினி, தன் பக்கத்துக்குப் பெரிய எண்ணொன்றைத் தற்காலிகத் துறையாக எடுத்துக்கொண்டு, மறு பக்கத்தின் 443ஆம் துறையோடு பேசியது. “இன்னார் இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கின்றார், அவருக்குப் பதில் வந்தால் உள்ளே விடு” என்று தீச்சுவர் தன் நினைவுப் பட்டியலிலே குறித்துக்கொண்டது. பேச்சு முடிந்தது, அல்லது சிறிது நேரம் மௌனம் நிலவியது. தீச்சுவர் அக்குறிப்பை அழித்துவிட்டது. அதன்பின் தாமதித்து வந்தது கடைசிப் பதில். காவலனுக்கு அவரை அடையாளந் தெரியவில்லை, தடுத்தான், எழுதினான். விருந்து முடிந்து படலை பூட்டிய பின்னர், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்த விருந்தாளியைக் கள்வனென்று எழுதியது போன்றதே இது.

இதனைக் கண்டுகொள்ளும் வழி கடினமானதன்று. அனுப்பியவரின் துறை சிறிய, பெயர்பெற்ற எண். பெறுபவரின் துறை பெரிய, பெயரற்ற எண். உண்மையாகவே தட்டுபவரிடம் இது தலைகீழாக இருக்கும். அன்றியும், வரியின் இறுதியிலே சின் மட்டும் தனித்து நில்லாது. அக், ஃபின், ஆர்.எஸ்.ரி. என்னும் குறிகள் காணப்படும். அக் என்பது “கிடைத்தது” என்ற ஒப்புதல், ஃபின் என்பது “முடித்துக்கொள்வோம்” என்ற விடைபெறுகை, ஆர்.எஸ்.ரி. என்பது பேச்சை வெட்டிவிடும் சொல். தட்டாமலே விடைபெறுவோர் உலகில் உளரோ? சில நிமிடங்களுக்கு முற்பட்ட வரிகளிலே, அதே எண்கள் இடம் மாறி, உள்ளிருந்து வெளியே சென்ற அனுமதியாக எழுதப்பட்டிருப்பதையுந் தேடிக் கண்டால் ஐயம் முற்றாக நீங்கும்.

அந்த இளைஞர் அவ்வாறு தேடவில்லை. அவர் அம்முகவரியை முற்றாகத் தடுத்துவிடுகின்றார். மறுநாள் பரிசோதனை முடிவுகளை அனுப்பும் சேவை இயங்கவில்லை. அது அந்நிறுவனத்தின் கணினிகளிலேதான் தங்கியிருந்தது. இதனினும் கொடியது 53ஆம் துறையைப்பற்றிய மயக்கம். பெயரை முகவரியாக்கித் தரும் சேவகரின் பதில் சற்றுத் தாமதித்து வரின், அதுவும் இவ்வாறே தடுக்கப்பட்டு எழுதப்படும். அதனைத் தாக்குதலென்று கருதி அச்சேவகரையே தடுத்துவிட்டால், கணினியொன்றும் பழுதுபடாதிருக்கையிலேயே கட்டடம் முழுவதிலும் எந்த இணையத்தளமும் திறவாது. காவலன் எழுதிய சரியான வரியொன்று, வாசித்தவரின் அவசரத்தாலே நோயாளியின் கட்டிலை எட்டிவிடுகின்றது.

வேறொரு மயக்கமும் உண்டு. எவரும் அழையாதிருக்க, “உங்கள் அழைப்பு ஏற்கப்பட்டது” என்ற பதில் மட்டும் எங்கிருந்தோ வரும்; சின், அக் என்னும் இரு குறிகளும் சேர்ந்து நிற்கும். உறையின் பின்புறத்தில் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுதல் தபாலில் எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது இணையத்திலும். யாரோ ஒரு துட்டன் மூன்றாமவரொருவரைத் தாக்கும்போது, ஆயிரமாயிரம் பொய் முகவரிகளிலிருந்து அழைப்பு அனுப்புகின்றான். தாக்குண்டவர் அப்பொய் முகவரிகளுக்கெல்லாம் நேர்மையாகப் பதிலனுப்புகின்றார். அவற்றுள் ஒன்று நம் வாயிலுக்குரியதாயின் அங்கும் ஒரு பதில் வரும். சம்பவத்திரட்டிலே குற்றவாளியாகத் தோன்றுபவர்தாம் அடிபடுபவர்! சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூர், வோல்க்கர், சவேஜ் என்னும் மூவர், வெற்று முகவரித் தொகுதியொன்றிலே வந்து விழுந்த இத்தகைய எதிரொலிகளை மட்டுமே கொண்டு 2001ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். மூன்று வாரத்தில் 12,805 தாக்குதல்களை அவர்கள் எண்ணிக் காட்டினர். பிறர் வாசித்து வெருண்ட வரிகளையே வாசித்து அறிவு பெற்றமை அவர்களின் சிறப்பு.

33434 என்ற எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிச்செல்லும் யு.டி.பி. பொதிகளும் அவ்வாறே பலரை மிரட்டுவன. அவை பெரும்பாலும் வழியறியும் கருவியொன்றின் அடிச்சுவடுகள். இன்ன பாதையாற் செல்கின்றது என்று எவரோ அளந்து பார்த்திருக்கின்றார். அவ்வளவே.

தடுக்கப்பட்ட வரிகளையே எண்ணிக்கொண்டிருப்பதில் இன்னொரு பேதைமையும் உண்டு. தடுக்கப்பட்டவன் உள்ளே வரவில்லை. வந்தவன் எங்கே எழுதப்பட்டிருக்கின்றான்? அனுமதிக்கப்பட்டவர் வரிசையிலே. பல நிறுவனங்கள் தடுத்தவற்றை மட்டும் எழுதச்சொல்லி, அனுமதித்தவற்றை எழுதாது விடுகின்றன. தாள் மிச்சம் பிடிக்கும் இலிகிதரின் சிக்கனம் இது. களவு நிகழ்ந்த பின்னர், படலையடியில் திருப்பியனுப்பப்பட்ட பிச்சைக்காரரின் பெயர்கள் மட்டும் கையில் இருக்கும். அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கவை உள்ளிருந்து வெளியே செல்ல முயன்று தடுக்கப்பட்டவை. விறாந்தையிலிருக்கும் அச்சுப்பொறியொன்று அதிகாலை இரண்டு மணிக்குப் பிறநாட்டு முகவரியொன்றை, ஐந்து நிமிடத்துக்கொருமுறை தவறாது அழைக்க முயன்றால், அந்த ஒரு வரி வெளியிலிருந்து வந்த பத்தாயிரந் தட்டல்களிலும் பெறுமதியுடையது. அச்சுப்பொறிக்கு வெளிநாட்டிலே உறவினர் இருக்க நியாயமில்லை.

வாசித்தும் வாளாவிருந்த கதையொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. டார்கெட் என்னும் பெருவணிக நிறுவனத்தின் கடைகளிலிருந்து 2013ஆம் ஆண்டு நவம்பர் இறுதிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் ஏறக்குறைய 4 கோடி வங்கி அட்டைகளின் விபரங்கள் களவுபோயின. குளிரூட்டற் பணிகளைச் செய்துவந்த ஒப்பந்தக்காரரொருவரின் கடவுச்சொல்லைக் கொண்டே கள்வர் உள்நுழைந்தனர். அந்நிறுவனத்தின் காவற் பொறி எச்சரிக்கை எழுதாமலில்லை, பலமுறை எழுதியது. அது தீச்சுவர் அன்று, தீச்சுவருக்குத் தம்பி முறையான வேறொரு பொறி. அவ்வெச்சரிக்கைகளின்மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டிருப்பதாகத் தோன்றவில்லை என்று 2014இல் அமெரிக்க மேற்சபைக் குழுவொன்றின் அறிக்கை கூறிற்று. நாடோறும் நூற்றுக்கணக்கில் வரும் பொய் எச்சரிக்கைகளோடு பழகியவர்களுக்கு மெய்யானதும் பொய்போலவே தோன்றும். எனவே எல்லாவற்றையும் எழுதச்செய்தல் விழிப்பாகாது. எதனை எழுதச்செய்வது என்று தேர்தலிலேதான் அறிவு வேண்டும்.

வரியிலுள்ள “டிரொப்” என்னும் சொல்லையும் கண்மூடி நம்புதல் தகாது. லினக்ஸ் முறையிலே எழுதும் கட்டளை வேறு, தடுக்கும் கட்டளை வேறு. வரியின் தொடக்கத்தில் நிற்கும் சொல், அமைத்தவர் தம் விருப்பப்படி இட்ட தலைப்பேயாகும். எழுதும் கட்டளையின் பின்னர் தடுக்கும் கட்டளையை இட மறந்துவிட்டால், “தடுத்தேன்” என்று எழுதிக்கொண்டே காவலன் கதவைத் திறந்துவிடுவான். தலைப்பைப் பார்த்துத் திருப்தியடைந்து பல மாதங்கள் நிம்மதியாக உறங்கக்கூடும்!

இனி நேரத்தைப்பற்றி. இரு கணினிகளின் சம்பவத்திரட்டுகளை ஒப்பிடுவதற்கு அவற்றின் மணிக்கூடுகள் ஒத்திருத்தல் வேண்டும். 123ஆம் துறையிலே இயங்கும் நேரச்சேவை இதற்கெனவே உள்ளது. ஆயினும் அதனை அமைக்க மறந்தோர் பலர். பழைய முறையில் எழுதப்படும் வரிகளிலே மாதமும் திகதியும் மணியும் உண்டு, ஆண்டு இல்லை, எந்நாட்டு நேரமென்பதும் இல்லை. ஆண்டு குறிக்காத இடாப்பைப் பாடசாலைப் பரிசோதகர் ஏற்றுக்கொள்வாரோ? இலங்கை நேரம் கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முற்பட்டது. ஆனால் என்றும் அவ்வாறு இருந்ததில்லை. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் மணிக்கூடுகள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டன. 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய நேரம் வந்தது. அவ்வாண்டுகளின் கோவைகளை உள்ளூர் நேரப்படி வாசிப்போர், எந்த அரைமணி எதனைச் சேர்ந்தது என்று இடர்ப்பட வேண்டியிருக்கும். ஆதலின் உலகப்பொது நேரத்திலேயே எழுதச்செய்து, வாசிக்கும்போது மட்டும் ஐந்தரை மணி கூட்டிக்கொள்வோரே விவேகிகள்.

நேரப் பிழை வெறுங் கணக்குப் பிழையாக நின்றுவிடுவதில்லை. முகவரிகள் போதாமையினாலே, சேவை வழங்குவோர் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டு வழங்குகின்றனர். கூட்டுக்குடும்பத்தின் வீட்டிலக்கம் போன்றது அது. அவர்களுள் இன்னாரென்று பிரித்தறிய முகவரி மட்டும் போதாது. அவருக்கு அந்நொடியில் வழங்கப்பட்ட துறை எண்ணும், செக்கன் வரை சரியான நேரமும் வேண்டும். ஆகையினாலேதான் அனுப்பியவரின் துறையையும் தவறாது பதியுமாறு 2011ஆம் ஆண்டிலே இணைய நியம ஆவணமொன்று பரிந்துரைத்தது. எஸ்.பி.ரி. 51544 என்று முன்னர் சொல்லப்பட்ட எண்ணைப் பயனற்றதென்று எண்ணி நீக்கிவிட்ட அலுவலகமொன்று பொலிசாரிடம் முறையிடச் சென்றால், அவர்களுக்குக் கொடுக்க முகவரி ஒன்றே மிஞ்சும். அம்முகவரியின் பின்னே பலர் இருப்பர். மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தியிருந்தால், தட்டப்படும் கதவு வேறொருவருடையதாகும். கணினியைப் பாடத்துக்கு மட்டும் பாவிக்கும் மாணவரொருவரின் வீடாகவும் இருக்கலாம்.

திருக்குறளிலே ஒற்றாடல் என்னும் அதிகாரம் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொல்லுகின்றது. தீச்சுவரின் வரியை வாசிப்போரும் அவ்வாறே சேவைக் கணினியின் பதிவையும், பெயர்ச்சேவையின் பதிவையும் பக்கத்தில் வைத்து வாசித்தல் வேண்டும். “உள்ளே விட்டேன்” என்று தீச்சுவரும், “எவரும் வரவில்லை” என்று சேவைக் கணினியும் எழுதியிருந்தால், இரண்டிலொன்று பொய். அல்லது இரண்டில் ஒன்றன் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டனர். பொதி பெருகும்போது எழுதுவதை மட்டுப்படுத்தும் வழக்கமும் தீச்சுவர்களுக்கு உண்டு. நிமிடத்துக்கு இத்தனை வரிகள்தாம் என்று வரையறுக்கப்பட்டிருந்தால், மற்றவை எழுதப்படாமலே போகும். வரி இல்லாமையைக் கொண்டு வரவும் இல்லையென்று துணிதல் கூடாது. எழுதியதை வேறொரு கணினிக்கு அனுப்பிச் சேமிப்பது நல்வழக்கமே. ஆயின் 514ஆம் துறையால் யு.டி.பி. முறையில் அனுப்பப்படும் வரிகள் வழியில் தொலைந்தாலும் அறிவிப்பாரில்லை. பதிவுத் தபாலைப்போன்று கையொப்பம் பெறும் வழக்கம் அம்முறையில் இல்லை.

சம்பவத்திரட்டைக் கள்வனின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தவருள் புகழ்பெற்றவர் கிளிஃபோட் ஸ்ரோல். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திலே பணியாற்றிய வானியலறிஞர் அவர். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கணினிப் பாவனைக் கணக்கில் 75 சதம் இடிப்பதாகவும் அதன் காரணத்தைக் கண்டறியுமாறும் அவருக்குச் சொல்லப்பட்டது. எழுபத்தைந்து சதந்தானே என்று கைவிட்டிருந்தால் எவரும் குறைகூறியிரார். அவரோ இரு கணக்குப் பதிவுகளையும் வரிவரியாக ஒப்பிட்டார். கட்டணம் அறவிட முகவரியற்ற பாவனையாளரொருவர் இருப்பதைக் கண்டார். வந்தவன் கணினியின் உயரதிகாரத்தையே கைப்பற்றிக்கொண்டவன். கணினிக்குள் எழுதப்படும் குறிப்புகளை அவனால் வாசிக்கவும் அழிக்கவும் முடியும். ஆதலின் ஸ்ரோல் ஒரு வார இறுதியிலே ஆய்வுகூடத்தின் அச்சுப்பொறிகளையும் தட்டச்சுக் கருவிகளையும் இரவல் வாங்கி, வெளியிலிருந்து வரும் ஏறக்குறைய ஐம்பது இணைப்புகளிலும் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அவன் அறியாமலே தாளில் விழுந்தது. தாளை அழிக்கும் கட்டளை அவனிடமிருக்கவில்லை.

பல மாதங்கள் அத்தாள்களை வாசித்து, திகதியும் நேரமும் குறித்து, தொலைபேசித் தொடர்புகளைப் பின்தொடர்ந்ததன் பயனாக, அவன் மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து வருபவன் என்பது தெரியவந்தது. மார்க்குஸ் ஹெஸ் என்பது அவன் பெயர். அமெரிக்க இராணுவக் கணினிகளிலிருந்து எடுத்தவற்றை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறைக்கு விற்றனர். 1990ஆம் ஆண்டு ஜேர்மனிய நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனத் தீர்த்து, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அவ்வழக்கிலே சாட்சி சொல்வதற்காக, 75 சதக் கணக்கைத் தேடத் தொடங்கிய வானியலறிஞர் கலிபோர்னியாவிலிருந்து ஜேர்மனிக்குச் சென்றிருந்தார்.